"நானே வெட்டிக்கொள்வேன்": கென்யாவின் மேரு மலைச்சரிவில் ஒரு தடையும் அதை மீறிய சிறுமிகளும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு எபிசோடுக்குள்ள போறதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை. இன்று பேசப்போவது பெண் உறுப்புச் சிதைப்பு பற்றி. ரத்தக்களரியான விவரணை எதுவும் இருக்காது. ஆனால் விஷயமே கனமானது. பக்கத்தில் குழந்தைகள் இருந்தால் இயர்போன் மாட்டிக்கோங்க. இப்போ கேட்க மனசில்லைன்னா அப்புறம் வாங்க, எபிசோடு எங்கேயும் போகாது.

சரி. 1956, ஏப்ரல் மாதம். இடம் கென்யா. கென்யா மலையின் வடகிழக்குச் சரிவில் மேரு என்று ஒரு மாவட்டம். அங்கே 'ன்ஜூரி ன்செக்கே' என்ற மூப்பர் சபை இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது. மேரு மக்களின் உச்ச பஞ்சாயத்து என்று வைத்துக்கொள்ளலாம். முழுக்க ஆண்கள். அந்தச் சபை ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டது: இனி மேருவில் எந்தப் பெண்ணுக்கும் உறுப்பை வெட்டும் சடங்கு செய்யக் கூடாது.

இதைக் கேட்டவுடன் நமக்கு என்ன தோணும்? சூப்பர், நல்ல முடிவு, சிறுமிகள் தப்பிச்சாங்க என்றுதானே?

நடந்தது வேறு. தடைச் செய்தி ஊர் ஊராகப் பரவியதும், பதின்ம வயதுச் சிறுமிகள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். கடையில் சவர பிளேடு வாங்கினார்கள். காட்டுப் பக்கம் போய், ஒருத்திக்கு ஒருத்தி வெட்டிக்கொண்டார்கள். சிலர் தனக்குத் தானே வெட்டிக்கொண்டார்கள். இந்தச் சிறுமிகளுக்கு ஊரில் ஒரு பெயரே வந்துவிட்டது: 'ங்காய்த்தானா'. மேரு மொழியில் அதற்கு 'நானே வெட்டிக்கொள்வேன்' என்று பொருள்.

அடுத்த மூன்று ஆண்டுகளில், தடையை மீறியதாக 2,400-க்கும் மேற்பட்டோர் மீது ஆப்பிரிக்க நீதிமன்றங்களில் வழக்குப் பதிவானது. சிறுமிகள், அவர்களின் அம்மாக்கள், அப்பாக்கள் எல்லாரும் அதில் அடக்கம். நீதிமன்றம் வரை போகாமல் உள்ளூர் சபைகளிலேயே அபராதம் கட்டியவர்கள் தனி. இதையெல்லாம் ஆவணங்களிலிருந்தும், அந்தச் சிறுமிகள் பாட்டிகளான பிறகு அவர்களிடமே பேசியும் தொகுத்தவர் லின் தாமஸ் என்ற வரலாற்றாசிரியர். கென்யாவில் பெண்ணின் கருப்பை எப்படி அரசியல் களமானது என்று 2003-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார்.

இன்றைய எபிசோடு முழுக்க ஒரே கேள்விதான். ஒரு பெண்ணுக்கு நல்லது செய்யணும் என்று எல்லாரும் கிளம்பும்போது, அவளிடம் யாராவது கேட்டார்களா?

முதலில், அந்தச் சடங்கு என்னவாக இருந்தது

இந்தச் சடங்கால் உடலுக்கு எந்த நன்மையும் இல்லை. தீமை நிறைய: ரத்தப்போக்கு, தொற்று, சிறுநீர்ப் பிரச்சினை, பிரசவச் சிக்கல், ஆயுள் முழுக்க வலி. யுனிசெஃப் 2024-ல் வெளியிட்ட கணக்குப்படி, உலகில் இன்று உயிரோடு இருக்கும் பெண்களில் 23 கோடிக்கும் மேற்பட்டோர் இதை அனுபவித்தவர்கள். இது தவறு என்பதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. அதை முதலிலேயே சொல்லிடறேன், ஏன்னா இனி சொல்லப்போறதைக் கேட்டு யாரும் நான் இதை ஆதரிக்கிறேன்னு நினைச்சிடக் கூடாது.

ஆனால் 1950-களின் மேருவில் ஒரு சிறுமிக்கு இந்தச் சடங்கு என்னவாக இருந்தது? அது அவளை 'பெண்' ஆக்கிய நாள். அதைத் தாண்டாதவள் எத்தனை வயதானாலும் சிறுமிதான். கல்யாணம் கிடையாது, பெரியவர்கள் மத்தியில் பேச்சு கிடையாது. அவளோடு சேர்ந்து அந்த நாளைக் கடந்தவர்கள் ஆயுளுக்கும் தோழிகள். சடங்குக்குப் பிறகு வீட்டில் தனியாக உட்கார வைத்து, உடல், கல்யாணம், பிள்ளைப்பேறு, பெரியவர்களை மதிப்பது என்று பாட்டிமார் பாடம் சொல்வார்கள்.

இன்னொரு விஷயம், இதை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. இந்தச் சடங்கை நடத்தியது மூத்த பெண்கள். ஆண் மூப்பர்களுக்கு அவர்கள் சபை இருந்த மாதிரி, மூத்த பெண்களின் அதிகாரம் இந்தச் சடங்கைச் சுற்றித்தான் இருந்தது. மகளுக்குச் சடங்கு முடிந்தால் அம்மாவின் அந்தஸ்தும் ஒரு படி ஏறும். ஆகவே, ஆண்கள் உட்கார்ந்து போட்ட அந்தத் தீர்மானம், ஒரே வரியில் பெண்களின் ஒரே அதிகார மண்டலத்தைக் கலைத்தது. பதிலுக்கு வேறு எதையும் கொடுக்கவில்லை.

எங்க துறை பாஷையில சொன்னா, பயனரிடம் ஒரு வார்த்தை கேட்காம, பழைய சிஸ்டத்தை ஒரே ராத்திரியில ஆஃப் பண்ணிட்டாங்க. மாற்று சிஸ்டம் எதுவும் தயாரா இல்லை.

தடை போட்டவர்கள் அதற்கு முன் என்ன செய்தார்கள்

இந்தக் கதையில் எனக்கு ரொம்ப அதிர்ச்சியாக இருந்த பகுதி இதுதான். 1956-ல் தடைக்குப் பின்னால் நின்றது பிரிட்டிஷ் காலனி நிர்வாகம். அதே நிர்வாகம் 1930-களில் மேருவில் என்ன செய்தது தெரியுமா? சடங்கைச் சீக்கிரம் நடத்துங்கள் என்று அவசரப்படுத்தியது.

காரணம் இது. அந்தக் காலத்தில் மேருவில் சடங்கு பருவமடைந்த பிறகு, கல்யாணத்துக்குச் சற்று முன்னால் நடக்கும். சடங்குக்கு முன் ஒரு பெண் கர்ப்பமானால் அது பெரிய தீட்டு, ஊருக்கே ஆபத்து என்று நம்பினார்கள். அதனால் கருவைக் கலைத்துவிடுவார்கள். காலனி அதிகாரிகளுக்கோ மக்கள்தொகை குறைந்துவிடுமோ என்ற கவலை. ஆட்கள் குறைந்தால் வரி குறையும், வேலைக்குக் கை குறையும். அவர்கள் கண்டுபிடித்த தீர்வு: பருவமடைவதற்கு முன்பே சடங்கை முடித்துவிட்டால், கருக்கலைப்புக்கே அவசியம் இருக்காது!

ஆக, ஒரே அரசாங்கம் முதலில் சின்னப் பெண்களுக்கே சீக்கிரம் வெட்டச் சொன்னது. ஒரு தலைமுறை கழித்து, வெட்டினால் குற்றம் என்றது. இரண்டு முறையும் முடிவெடுத்தவர்கள் ஆண் அதிகாரிகளும் ஆண் மூப்பர்களும். இரண்டு முறையும் பேச்சு மக்கள்தொகை பற்றியும் ஒழுங்கு பற்றியும் இருந்தது. அந்தப் பெண்ணின் உடம்பு வெறும் மேடை.

1929: பக்கத்து ஊரின் பாடம்

1956-ல் மேரு நிர்வாகம் இதைத் தொட்டபோது, பக்கத்தில் 27 வருடத்துக்கு முன்பே ஒரு பெரிய அனுபவம் இருந்தது. மலையின் தெற்குப் பக்கம் கிகுயு மக்களின் ஊர்கள். அங்கே 1929-ல் ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனரிகள் இந்தச் சடங்குக்கு எதிராகப் பிரசாரம் ஆரம்பித்தார்கள். சபை உறுப்பினர்கள் இதைக் கைவிடுவதாக உறுதிமொழியில் கைநாட்டு வைக்க வேண்டும் என்றார்கள்.

நோக்கம் சரி. ஆனால் கேட்டது யார்? கிகுயு மக்களின் நிலத்தை வெள்ளைக்காரக் குடியேறிகள் பிடுங்கிக்கொண்டிருந்த காலம் அது. கைநாட்டு வாங்கித்தானே நிலத்தையும் எடுத்தீங்க, இப்போ எங்க பொண்ணுங்களையும் எடுக்கப் பாக்கறீங்களா என்று ஜனங்கள் கொதித்தார்கள். 'முதிரிகு' என்ற நடனப்பாட்டு ஊர் ஊராகப் பரவியது. மிஷனரிகளையும் அவர்களுக்கு ஒத்துப்போன தலைவர்களையும் கிண்டல் செய்யும் பாட்டு. அரசு அதைத் தடை செய்தது. ஆயிரக்கணக்கானோர் சபையை விட்டு வெளியேறி, சொந்தமாகப் பள்ளிக்கூடங்களும் தேவாலயங்களும் கட்டினார்கள். 1930 ஜனவரியில் கிஜாபேயில் ஹல்டா ஸ்டம்ப் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண் கொலை செய்யப்பட்டார்.

அந்த நேரத்தில் கிகுயு மத்தியச் சங்கத்தின் பொதுச்செயலாளர் ஜோமோ கென்யாட்டா. ஆமாம், பின்னாளில் சுதந்திர கென்யாவின் முதல் அதிபர். லண்டனில் மானுடவியல் படித்து 1938-ல் அவர் எழுதிய புத்தகத்தில், இந்தச் சடங்கு எங்கள் சமூகத்தின் அடித்தளம் என்று வாதாடினார்.

பாருங்க, இப்படித்தான் சிக்கல் ஆரம்பிக்குது. மிஷனரி சொல்கிறார், இது காட்டுமிராண்டித்தனம். தேசியவாதி சொல்கிறார், இது எங்கள் பண்பாடு. இருவரும் பெண்ணின் உடலைக் காட்டித்தான் சண்டை போடுகிறார்கள். நடுவில் ஒரு 14 வயசுப் பெண் நிற்கிறாள். தடையை ஏற்றால் வெள்ளைக்காரன் பக்கம், மீறினால் மண்ணின் பக்கம். 'எனக்கு வலிக்கும், எனக்கு வேண்டாம்' என்று சொல்வதற்கு அவளுக்கு இடமே இல்லை.

1956-க்கு வருவோம். அப்போது கென்யாவில் மாவ் மாவ் கிளர்ச்சிக் காலம், 1952 முதல் நெருக்கடி நிலை. காலனி அரசு ஆட்களை முகாம்களில் அடைத்துக்கொண்டிருந்தது. அந்தச் சூழலில் வந்த தடையை மேருச் சிறுமிகள் எப்படிப் புரிந்துகொண்டிருப்பார்கள்? எங்களைப் பெரியவர்களாக விடாமல் தடுக்கிறார்கள் என்றுதான். ங்காய்த்தானா சிறுமிகள் பாட்டிகள் சொன்னதைக் கேட்டு மட்டும் போகவில்லை. பல வீடுகளில் அப்பா அம்மா வேண்டாம் என்றும், அபராதத்துக்குப் பயந்தும் இருந்தார்கள். சிறுமிகள் தாங்களாகவே போனார்கள். பாட்டிமார் நடத்த வேண்டிய சடங்கைத் தங்கள் கையில் எடுத்தார்கள்.

இதை எப்படிப் பார்ப்பது? ஒரு பக்கம் அது துணிச்சல். நெருக்கடி நிலையில், அரசு, மூப்பர், பெற்றோர் என்று மூன்று அதிகாரங்களை ஒரே நேரத்தில் எதிர்த்த பதின்ம வயதுப் பெண்கள். இன்னொரு பக்கம், அந்தத் துணிச்சல் முழுக்கத் தங்கள் உடம்பையே காயப்படுத்தியது. 'எம்பவர்மென்ட்' என்ற வார்த்தையை நாம் ரொம்ப ஈஸியா சொல்லிடறோம். ங்காய்த்தானா கதை அந்த வார்த்தையைத் தொண்டையில் சிக்க வைக்குது.

நெருக்கடி நிலை முடியும் தறுவாயில், 1950-களின் கடைசியில், தடை மெல்லப் பிசுபிசுத்துப் போனது. சடங்கு தொடர்ந்தது.

சுதந்திரம் வந்தது, யாருக்கு?

1963-ல் கென்யா சுதந்திரம் அடைந்தது. பெண்களின் நிலை? ஒரே ஒரு சட்டத்தை மட்டும் பார்ப்போம். 1959-ல் காலனி அரசு ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தது. கல்யாணமாகாமல் குழந்தை பெற்ற பெண், குழந்தையின் அப்பா மீது வழக்குப் போட்டுப் பராமரிப்புச் செலவு வாங்கலாம். இது பல ஆண்களுக்குக் கடுப்பைக் கிளப்பியது. பெண்கள் பணத்துக்காகப் பிள்ளை பெறுகிறார்கள், ஆண்களை ஏமாற்றுகிறார்கள் என்றெல்லாம் விவாதம். 1969-ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. அப்போது அந்த அவையில் ஒரு பெண் உறுப்பினர்கூட இல்லை. தேர்தலில் வென்ற முதல் பெண் எம்.பி. கிரேஸ் ஒன்யாங்கோ, அதே 1969-ன் கடைசியில் நடந்த தேர்தலில்தான் அவைக்குள் வந்தார். சில மாதம் லேட்!

இதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1967-ல் கென்யா தேசியக் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை ஆரம்பித்தது. சஹாராவுக்குத் தெற்கே இப்படி ஒரு அரசுத் திட்டம் அதுவே முதல். ஆனால் பத்து வருடம் கழித்து, 1977-78 கருவள ஆய்வு எடுத்தபோது, ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 8 குழந்தைகள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று. ஏதாவது ஒரு கருத்தடை முறையைப் பயன்படுத்திய மணமான பெண்கள் 7% மட்டுமே.

திட்டம் இருந்தது, ஆனால் பெண்ணைப் போய்ச் சேரவில்லை. கிளினிக் தூரம், கணவனின் சம்மதம், மக்கள்தொகை பற்றிய வெளிநாட்டுக்காரர்களின் பேச்சு மீதான சந்தேகம். மறுபடியும் அதே பழைய கதை: மேலிருந்து வந்த நல்ல எண்ணம்.

1980-களில்தான் மாற்றம் தெரிந்தது. ஊருக்குள்ளேயே இருக்கும் பெண்கள், தெரிந்த முகங்கள், வீடு வீடாகப் போய் மாத்திரையும் ஆணுறையும் கொடுத்துப் பேச ஆரம்பித்தார்கள். 'மாயெந்தெலெயோ யா வனவாக்கே' என்ற பெண்கள் அமைப்பு இதில் பெரிய பங்கு வகித்தது. பெயருக்கு ஸ்வாஹிலியில் 'பெண்களின் முன்னேற்றம்' என்று அர்த்தம். கூடவே பெண்கள் பள்ளிக்குப் போனதும், பள்ளிச் செலவு ஏறியதும் சேர்ந்துகொண்டன. 1989-ல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 6.7 குழந்தைகள், 1998-ல் 4.7. பிறகு எச்.ஐ.வி. பக்கம் கவனமும் பணமும் திரும்பியபோது, இந்த இறக்கம் அப்படியே நின்றது. 2003-ல் 4.9. மறுபடி முயற்சி எடுத்த பிறகு, 2022-ல் 3.4. கருத்தடை பயன்படுத்தும் மணமான பெண்கள் 7%-லிருந்து 63%.

இந்த எண்களைப் பார்த்து, 'பரவாயில்லையே, கட்டுப்படுத்திட்டாங்க' என்று மட்டும் எடுத்துக்காதீங்க. எத்தனை குழந்தை, எப்போது என்ற முடிவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெண்ணின் கைக்கு வந்ததை எண்களில் எழுதினால் இப்படித்தான் இருக்கும்.

நாற்பது வருடம் கழித்து, அதே மண்ணில்

இப்போ கதையின் எனக்குப் பிடித்த பகுதி. 1996. தராக்கா நித்தி என்ற பகுதி. காலனி காலத்தில் இது மேரு மாவட்டத்தின் ஒரு பகுதி. ங்காய்த்தானா நடந்து சரியாக நாற்பது வருடம்.

அங்கே கதுங்கா என்ற ஊரில் சுமார் 30 குடும்பங்கள், மாயெந்தெலெயோ அமைப்போடும் பாத் என்ற சர்வதேசச் சுகாதார அமைப்போடும் சேர்ந்து ஒரு புதிய சடங்கை நடத்தினார்கள். சிறுமிகள் ஒரு வாரம் தனியாகத் தங்கினார்கள். மூத்த பெண்கள் பாடம் சொன்னார்கள். உடல் பற்றி, மாதவிடாய் பற்றி, கர்ப்பம், நோய்த்தொற்று, தன்மானம், பெரியவர்களை மதிப்பது பற்றி. கடைசி நாளில் ஊர் கூடியது. பாட்டு, நடனம், விருந்து, பரிசு, புது உடை. எல்லாம் இருந்தது. பிளேடு மட்டும் இல்லை.

அந்தச் சடங்கின் பெயர் 'ந்தானிரா நா முகாம்போ'. அர்த்தம்: சொல்லால் செய்யும் சடங்கு. வெட்டுக்குப் பதில் வார்த்தை.

1956-ல் தடை போட்டவர்களுக்குத் தெரியாதது இவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒரு சிறுமிக்கு அந்த நாள் வேண்டும். தோழிகள் வேண்டும், பாட்டியின் பாடம் வேண்டும், ஊர் பார்க்க அவள் பெரியவளாக வேண்டும். அதையெல்லாம் கொடுத்துவிட்டு, வெட்டை மட்டும் எடுக்க முடியும். மூத்த பெண்களின் அதிகாரத்தையும் யாரும் பறிக்கவில்லை. அதை வைத்தே வேலையை முடித்தார்கள். எல்லா இடத்திலும் இது வேலை செய்யவில்லை என்பதும் உண்மை. வெட்டு பெரிய பொதுச் சடங்காக இல்லாத சமூகங்களில், மாற்றுச் சடங்குக்கு வேலையே இல்லை. சோமாலி மக்கள் வாழும் மாண்டேரா, வஜீர் பகுதிகளில் இன்றும் 90%-க்கு மேல்.

மசாய் மக்கள் மத்தியில் வேறு வழி. ஆக்னஸ் பாரேயோ என்ற பெண். சிறுமியாக இருந்தபோது இந்தச் சடங்கு அவர் மீது திணிக்கப்பட்டது. பெரியவளான பிறகு, பெண்ணின் உடற்கூறைக் காட்டும் ஒரு மர மாதிரியைத் தூக்கிக்கொண்டு ரிஃப்ட் பள்ளத்தாக்கு கிராமங்களுக்கு நடந்தே போனார். வெட்டினால் பிரசவத்தில் என்ன ஆகும் என்று தொட்டுக் காட்டி விளக்கினார். 2002-ல் நரோக்கில், வெட்டிலிருந்தும் சிறுவயதுக் கல்யாணத்திலிருந்தும் ஓடிவரும் சிறுமிகளுக்கு ஒரு காப்பகம் திறந்தார். அங்கே படிப்போடு நிற்பதில்லை. பெற்றோரை வரவழைத்துப் பேசி, மகளோடு சமாதானம் செய்து வைக்கும் வேலையும் நடக்கிறது. 2022-ல் அவர் நரோக் வடக்குத் தொகுதி எம்.பி. ஆனார். 1969-ன் அவையை நினைத்துப் பாருங்க.

அப்போ சட்டமே வேண்டாமா?

இந்தக் கேள்வி வரும்னு தெரியும். கென்யா 2001-ல் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இதைத் தடை செய்தது. 2011-ல் எல்லா வயதினருக்கும் முழுத் தடை. குறைந்தது மூன்று ஆண்டு சிறை அல்லது 2 லட்சம் ஷில்லிங் அபராதம். மரணம் நேர்ந்தால் ஆயுள் தண்டனை. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு பிரிவு உண்டு: வெட்டிக்கொள்ளாத பெண்ணைக் கேலி செய்வதும் குற்றம். இதை எழுதியவர்களுக்கு விஷயம் புரிந்திருக்கிறது. ங்காய்த்தானா சிறுமிகளைத் துரத்தியதும் அந்தக் கேலிதானே, 'நீ இன்னும் சின்னப் பொண்ணு' என்ற பேச்சு.

2017-ல் டாக்டர் தாத்து கமாவ் என்ற பெண் மருத்துவர் இந்தச் சட்டத்தை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனார். வயது வந்த பெண் தன் உடம்பு பற்றித் தானே முடிவெடுக்கக் கூடாதா என்பது அவர் வாதம். 2021 மார்ச்சில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. சமூக அழுத்தம் இவ்வளவு இருக்கும் இடத்தில் அந்தச் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது என்பதே இதில் மையமான விஷயம். நான் நீதிமன்றத்தின் பக்கம்தான். ஆனால் கமாவின் கேள்வியைச் சிரித்து ஒதுக்க முடியாது. 1956-ன் சிறுமிகள் கேட்ட கேள்வியின் நிழல் அதில் இருக்கு.

சட்டத்தால் பலன் உண்டா? 1998-ல் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 38% பேர் வெட்டப்பட்டவர்கள். 2014-ல் 21%. 2022-ல் 15%. இது பெரிய இறக்கம். கூடவே பக்க விளைவும் உண்டு. சில இடங்களில் சடங்கு ரகசியமாகி, வயது இன்னும் குறைந்தது. சிலர் எல்லை தாண்டிப் போய்ச் செய்கிறார்கள். சில இடங்களில் நர்ஸ்களே பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து செய்கிறார்கள். 2011 சட்டம் இதையெல்லாம் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் ராத்திரி நடக்கும் ஒரு விஷயத்தைப் போலீஸ் மட்டும் தடுத்துவிட முடியாது.

என் புரிதல் இதுதான். வேண்டாம் என்று சொல்லும் சிறுமிக்குப் பின்னால் நிற்கச் சட்டம் வேண்டும். அது இல்லாவிட்டால் ராத்திரி வீட்டை விட்டு ஓடி வருபவளுக்குக் கதவே இல்லை. ஆனால் 'வேண்டாம்' என்ற சொல் அவள் வாயில் வருவதற்குச் சட்டம் போதாது. அதற்கு ஒரு பாட்டி வேண்டும், தோழிகள் வேண்டும், வெட்டாமலே பெரியவளாக ஒரு வழி வேண்டும். 1956-ல் முதலாவது மட்டும் இருந்தது. 1996-ல் இரண்டாவதை ஆரம்பித்தார்கள். இரண்டும் சேர்ந்த பிறகுதான் எண்கள் இறங்கின.

ங்காய்த்தானா சிறுமிகளில் இன்று உயிரோடு இருப்பவர்களுக்கு 80 வயது தாண்டியிருக்கும். அவர்களின் கொள்ளுப்பேத்திகளில் பெரும்பாலோர் பிளேடு இல்லாமலே பெரியவர்களாவார்கள். அந்தப் பாட்டிகளை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரலை. யாரும் கேட்காத கேள்விக்கு, தங்களிடம் இருந்த ஒரே மொழியில் அவர்கள் பதில் சொன்னார்கள்.

இந்த எபிசோடு பற்றி உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்க, குறிப்பா டாக்டர் கமாவ் கேட்ட கேள்வி பற்றி. நான் சொன்னதோடு ஒத்துப்போகணும்னு இல்லை. அடுத்த வாரம் சந்திப்போம்.